வேரும் வழக்கும்

ஒரு புத்தகத்தை மதிப்பிட வேண்டுமானால் நாம் படித்துப் பார்த்தால் மட்டும் போதாது. அதை வைத்துக்கொண்டு இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். படிக்கிறபோது மறைந்திருக்கும் குறைகளெல்லாம் கற்றுக்கொடுக்கிறபோது வெளியே வந்து நம் எதிரே உட்கார்ந்துகொள்ளும். நார்மன் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' என்ற ஆங்கிலப் புத்தகத்தை வாலிப வயதில் நான் ஒரே மூச்சில் படித்திருக்கிறேன். அப்போது அதில் ஒரு குறையும் தென்படவில்லை. எத்தனையோ ஆண்டுகள் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக அதைத் தூசி தட்டி எடுத்தபோதுதான் அதன் நிறையும் குறையும் சேர்ந்தாற்போல் எனக்குத் தெரிந்தன.

பக்கத்து வீடு என்றால் கணியம்பாடியில். வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில், பாகாயத்தைத் தாண்டி, கண்ணமங்கலத்துக்கு முன்னால் வருகிற ஊர் இது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இரண்டு விஷயங்கள் நல்ல பரிச்சயம். ஒன்று தோல், மற்றொன்று ஆஸ்பத்திரி. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள். வேலூரில், 1900ல் ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய வைத்திய சாலை, 1909ல் நர்ஸுப் பள்ளியாகவும் 1918ல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியாகவும் கிளைவிட்டு, பிறகு தேசம் அறிந்த பெரிய ஸ்தாபனமாகிவிட்டது. அதனால் கார்டியாலஜி, நியூராலஜி, டெர்மடாலஜி என்ற சொற்கள் எங்கள் பஸ்களில் சகஜமாகப் புழங்கும். 'நியூராலஜி' என்றால் என்ன என்று கேட்டால், "மாடிப்படி ஏறி இடது பக்கம்" என்று பதில் வரும். சொல்லுக்கு அது ஒரு வகையான அர்த்தந்தானே!

அந்தப் பெண்ணின் தகப்பனார் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்கிறார். தாயார் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார்; காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பன்னிரண்டு வகுப்பும் தமிழிலேயே படித்துவிட்டு நர்ஸுப் படிப்பில் சேர்ந்த அந்தப் பெண், மூன்றாவது வாரம் என் வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தை என் முன்னால் போட்டாள்.

"தாத்தா, ஒரு பக்கத்துல நாப்பது வார்த்தை புரியலை. டிக்ஷனரியப் பார்த்தா அதுல இருக்கிறதே புரியலை. நான் நின்னுடலாம்னு பார்க்கிறேன்" என்றாள்.

நாவல் எழுதுகிறவனிடம் வைத்தியப் படிப்புக்கு யோசனை கேட்க வந்தால் அவன் என்ன செய்வான்? புத்தக அலமாரியைப் பார்த்தான்.

லூயிஸ் அமெரிக்கர். இந்தப் புத்தகம் முதலில் 1949ல் வெளிவந்து, 1978ல் திருத்திய பதிப்பாக மறுபடி வந்தது. அமெரிக்க வாசகர்களுக்காக எழுதியது என்றாலும், இந்தியாவில் பாங்குப் பரீட்சைக்கும் சர்க்கார் பரீட்சைக்கும் போகிற பிள்ளைகள் அதைக் கைவிட்டதில்லை. பழைய புத்தகக் கடைகளில் ஒரு பிரதியாவது எப்போதும் இருக்கும். இத்தனை வரவேற்புக்குக் காரணம் அதன் முறைதான். அகர வரிசையில் சொற்களை அடுக்கி மனப்பாடம் செய்யச் சொல்லும் கொடுமை அதில் இல்லை. மனிதர்களின் சுபாவத்தைக் குறிக்கும் சொற்கள், வைத்தியர்களைக் குறிக்கும் சொற்கள், பொய்யர்களைக் குறிக்கும் சொற்கள் என்று கருத்து வாரியாகக் கூட்டம் கூட்டமாக அழைத்து வருகிறார். அழைத்து வந்து ஒவ்வொன்றின் குலத்தையும் கோத்திரத்தையும் விசாரிக்கிறார். லத்தீனில் 'ஈகோ' என்றால் 'நான்'. 'ஆல்டர்' என்றால் 'மற்றவன்'. ஆகவே தன்னையே நினைப்பவன் ஈகோயிஸ்ட். பிறரை நினைப்பவன் ஆல்ட்ரூயிஸ்ட். 'வெர்ட்' என்றால் திருப்புவது. மனத்தை உள்ளே திருப்பினால் இன்ட்ரோவெர்ட். வெளியே திருப்பினால் எக்ஸ்ட்ரோவெர்ட். ஒரு வேரைப் பிடித்தால் பத்துச் சொல் கையோடு வருகிறது. இடையிடையே பரீட்சை வைக்கிறார். சொல்லை வாய்விட்டு உச்சரிக்கச் சொல்கிறார். நல்ல திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு இருக்க வேண்டிய சாமர்த்தியம் அத்தனையும் அவருக்கு இருக்கிறது.

ஆங்கிலம் படிக்கக் கிரேக்கமும் லத்தீனும் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். ஆங்கிலம் இரண்டு அடுக்கு வீடு. கீழ் அடுக்கில் கை, கால், கண், சோறு, தண்ணீர் என்பவற்றுக்கு அவர்களுடைய சொந்தச் சொற்கள் குடியிருக்கின்றன. 1066ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக லத்தீன் உள்ளே வந்தது. பிற்காலத்தில் பண்டிதர்களும் விஞ்ஞானிகளும் வேண்டிய போதெல்லாம் கிரேக்கத்திலும் லத்தீனிலும் கடன் வாங்கி மாடி கட்டினார்கள். ஆங்கிலக் குடியானவனுக்குக் கண் என்றால் 'ஐ'. கண் வைத்தியரோ 'ஆப்தல்மாலஜிஸ்ட்'. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 'ஆப்தல்மாலஜிஸ்ட்' என்ற பலகையைப் பார்த்து லண்டன் கடைப் பையன் எப்படி விழிப்பானோ அப்படித்தான் கணியம்பாடிப் பெண்ணும் விழிப்பாள். இதை நான் சொன்னபோது அவள் முகத்தில் முதன்முறையாகக் கொஞ்சம் தெம்பு வந்தது. தன் அறியாமை தன் ஊரின் குற்றமல்ல என்று தெரிந்தாலே பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

நம் மொழியிலும் இந்த மாடி கட்டும் வேலை நடந்திருக்கிறது. வீட்டில் 'கண்' என்று சொல்லிவிட்டுப் பலகையில் 'நேத்திர வைத்தியர்' என்று எழுதிய காலம் ஒன்று உண்டு. அதற்கு நேர்மாறான ஒரு முயற்சியும் நடந்தது. ஐடா ஸ்கடரின் பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819ல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த வைத்தியர். அதே யாழ்ப்பாணத்துக்கு 1847ல் வந்து சேர்ந்த சாமுவேல் கிரீன் என்ற மற்றொரு அமெரிக்க வைத்தியர், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் வைத்தியம் கற்பித்தார். பிறகு 1864லிருந்து தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு முதல் ரண வைத்தியம் வரை ஆங்கில நூல்களைத் தமிழாக்கி, அவற்றுக்கு வேண்டிய கலைச்சொற்களையும் ஆக்கிக்கொடுத்தார். அவர் போட்ட பாதை தொடர்ந்து போயிருந்தால் இந்தப் பெண் என் வீட்டுக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்திருக்க மாட்டாள். பாதை நின்றுவிட்டது. ஆகவே கிரேக்கம், லத்தீன் என்ற சுற்று வழியில்தான் அவள் போய்த் தீர வேண்டும்.

சுற்று வழியானாலும் அதில் நடக்கத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே பழக்கம் இருக்கிறது என்பதை நான் அன்று கண்டுகொண்டேன். 'படித்தான்' என்ற சொல்லைப் பிரிக்கச் சொன்னேன். "படி பகுதி, த் சந்தி, த் இறந்தகால இடைநிலை, ஆன் ஆண்பால் வினைமுற்று விகுதி" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "இதையேதான் அங்கேயும் செய்ய வேண்டும்" என்றேன். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஒரு சொல்லின் உறுப்புக்கள் ஆறு என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தது பதின்மூன்றாம் நூற்றாண்டில். அந்தக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை 'கேஸ்ட்ரைடிஸ்' என்ற சொல்லைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்? 'கேஸ்டர்' கிரேக்கத்தில் வயிறு, அது பகுதி. 'ஐடிஸ்' அழற்சி, அது விகுதி. 'ஹெபடைடிஸ்' என்றால் ஈரல் அழற்சி. 'நெஃப்ரைடிஸ்' என்றால் சிறுநீரக அழற்சி. 'ஆர்த்ரைடிஸ்' என்றால் மூட்டழற்சி. 'டமி' என்று முடிந்தால் அறுப்பது. 'எக்டமி' என்று முடிந்தால் அறுத்து வெளியே எடுப்பது. ஒரு மாலைக்குள் நாற்பது சொல்லில் முப்பது அவிழ்ந்துவிட்டது.

அவிழ்த்துப் பார்ப்பதில் ஆனந்தமும் உண்டு. 'மஸ்ல்' என்கிற தசைக்கு லத்தீனில் 'சுண்டெலி' என்று அர்த்தம். புஜத்தை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரி இருக்கிறதாம்! எங்கள் ஊர்ப் பொட்டல்களில் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரைக்குத் தாவர சாஸ்திரிகள் வைத்த பெயரில் 'ஆரிகுலேட்டா' என்று ஒரு சொல் வருகிறது. 'ஆரிகுலா' என்றால் சிறு காது. செடியைப் பிடுங்கி வந்து பார்த்தோம். இலைக்காம்பின் அடியில் சின்னஞ்சிறு காதுகள் போல் இரண்டு இலைச் செதில்கள்! தலைமுறை தலைமுறையாக இந்தச் செடியின் பட்டையை உரித்துத் தோல் பதனிட்டிருக்கிறோம். அதற்குக் காது இருப்பதை லத்தீன் வந்துதான் காட்ட வேண்டியிருந்தது. இன்னொன்று: கண்ணின் நடுவே இருக்கும் கருவட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'ப்யூப்பில்'. லத்தீனில் அதற்குச் 'சின்னப் பொம்மை' என்று பொருள். எதிரே நிற்பவரின் உருவம் அங்கே பொம்மை போல் தெரிவதால் வந்த பெயர். நாமும் அதைப் 'பாவை' என்றுதானே சொல்கிறோம்? பாவை என்றாலும் பொம்மைதானே? எங்கோ ரோமாபுரியில் ஒருத்தி தன் குழந்தையின் கண்ணுக்குள் குனிந்து பார்த்திருக்கிறாள். இங்கே ஒரு தமிழ்த் தாயும் குனிந்து பார்த்திருக்கிறாள். இருவரும் ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்கே குரல் கொஞ்சம் தழுதழுத்தது. வேர்ச்சொல் முறையின் பக்கம் பேச வேண்டியதெல்லாம் இத்துடன் பேசியாகிவிட்டது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன்.

முதற் குறை, வேர் பல சமயங்களில் பழைய தப்பெண்ணங்களின் பெட்டியாக இருக்கிறது. 'மலேரியா' என்பது இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று'. சதுப்பு நிலத்துக் காற்றினால் ஜுரம் வருகிறது என்று நம்பிய காலத்துப் பெயர். கொசுதான் காரணம் என்பதற்கு ரொனால்ட் ராஸ் 1897ல் செகந்திராபாத்தில் சாட்சி கண்டுபிடித்துவிட்டார். பெயரோ காற்றையே குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறது. 'ஆர்ட்டரி' என்ற ரத்தக் குழாயின் பெயருக்குப் பின்னால், அதில் காற்று ஓடுகிறது என்ற பழங்காலக் கிரேக்கர்களின் எண்ணம் இருக்கிறது. 'ஹிஸ்டீரியா' என்பதன் வேர் கருப்பை. பெண்ணின் மனக் கலக்கத்துக்கெல்லாம் அவள் கருப்பையைக் காரணம் காட்டிய ஆண்களின் வைத்தியம் அது. வேரை நம்பி நோயை அறியப் புறப்பட்டால் இருநூறு, இரண்டாயிரம் ஆண்டு பின்னால் போய் நிற்போம்.

இரண்டாவது குறை, ஒரே முகத்தோடு இரண்டு வேர்கள் இருப்பது. 'பெட்' என்பது லத்தீனில் பாதம், கிரேக்கத்தில் குழந்தை. பாதசாரி 'பெடஸ்ட்ரியன்', குழந்தை வைத்தியர் 'பீடியாட்ரிஷியன்'. பிரிட்டிஷ் முறையில் எழுதினால் குழந்தைக்கு நடுவில் ஓர் எழுத்து அதிகம் வரும், வித்தியாசம் தெரியும். அமெரிக்கர்கள் சிக்கனம் கருதி அந்த எழுத்தை எடுத்துவிட்டார்கள். லூயிஸ் இதை விளக்காமல் விடவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் கல்லூரியில் பார்ப்பது ஓர் எழுத்துமுறை, இந்தப் புத்தகத்தில் பார்ப்பது மற்றோர் எழுத்துமுறை. 'ஹைப்போ' என்றால் கீழே, குறைவு. 'ஹைப்பர்' என்றால் மேலே, மிகுதி. ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் ஒன்று, ஏறினால் மற்றொன்று. நர்ஸுக்கு அந்தக் கடைசி அசை ஓர் உயிரின் விஷயம்.

மூன்றாவது குறைதான் பெரியது. நம் இலக்கணக்காரர்கள் பெயர்ச் சொற்களை இடுகுறி என்றும் காரணப் பெயர் என்றும் பிரித்தார்கள். காரணம் எதுவும் தெரியாமல் வழங்குவது இடுகுறி. காரணம் தெரிய வழங்குவது காரணப் பெயர். அதோடு நின்றிருந்தால் அவர்களுக்கு நான் கும்பிடு போட மாட்டேன். 'காரண இடுகுறி' என்று மூன்றாவதாக ஒன்றையும் கண்டார்கள். அதற்கு நன்னூல் உரைகாரர்கள் காட்டும் உதாரணங்களில் ஒன்று 'முள்ளி'. முள் இருப்பதால் அதற்கு முள்ளி என்று பெயர், சரி. ஆனால் முள் உள்ள செடிகளையெல்லாம் நாம் முள்ளி என்பதில்லையே! காரணம் இருக்கிறது; ஆனால் ஒன்றுக்கு மட்டும் என்று ஜனங்கள் இட்டுவிட்ட குறியாகவும் இருக்கிறது. கிரேக்க, லத்தீன் வேரில் முளைத்த ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை காரண இடுகுறிகள்தாம். 'ஆர்த்தோபீடிக்ஸ்' என்ற சொல்லை 1741ல் நிக்கோலா ஆந்திரி என்ற பிரெஞ்சு வைத்தியர் உண்டாக்கினார். 'ஆர்த்தோ' நேரானது, பின்பாதியில் இருப்பது குழந்தை. குழந்தைகளின் உடல் கோணலை நிமிர்த்தும் வித்தை என்பது அதன் காரணம். இன்று என் முழங்கால் வலிக்கு நான் போவதும் அங்கேதான். குழந்தை போய்விட்டது, பெயர் நிற்கிறது. 'ஹைப்போகாண்ட்ரியா' என்ற சொல்லை அந்தப் பெண் பிரித்து, "ஹைப்போ குறைவு, காண்ட்ரோ குருத்தெலும்பு, குருத்தெலும்பு குறையற வியாதி" என்று சந்தோஷமாக எழுதி வந்தாள். உண்மையில் அது, இல்லாத வியாதியை இருப்பதாக நினைத்து மனம் நோகிற நிலை! விலாக் குருத்தெலும்புக்குக் கீழேயுள்ள வயிற்றுப் பகுதியில் மனச்சோர்வு உற்பத்தியாகிறது என்று ஒரு காலத்தில் நினைத்ததால் வந்த பெயர். அன்று இருவரும் சிரித்தோம்.

ஆறு மாதம் கழித்து நடந்ததற்குச் சிரிக்க முடியவில்லை.

அவள் தகப்பனாருக்கு இரண்டு கைகளிலும் தோல் வெடித்து, அரிப்பெடுத்து, நீர் கசிந்தது. டிரம்மிலிருந்து குரோம் தோலை எடுத்துப் போடுகிற வேலை அவருடையது. ஒரு வைத்தியரிடம் காட்டினார். சீட்டில் 'காண்டாக்ட் டெர்மடைடிஸ்' என்று எழுதியிருந்தது. வீட்டில் ஆங்கிலம் படிக்கிற பெண் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பார்? சீட்டை மகளிடம் கொடுத்தார். அவள் நான் சொல்லிக்கொடுத்தபடியே பிரித்தாள். 'டெர்மா' தோல், 'ஐடிஸ்' அழற்சி. 'காண்டாக்ட்' என்பதில் 'கான்' சேர்ந்து, 'டாக்ட்' தொடுதல். அதே வேரில் பிறந்த சகோதரச் சொல் என்று என் கையாலேயே அவள் நோட்டில் எழுதிக்கொடுத்திருந்தேன்: 'கன்டேஜியன்', தொற்று. முடிவு தெளிவாகிவிட்டது. அப்பாவுக்கு வந்திருப்பது தொட்டால் ஒட்டிக்கொள்ளும் வியாதி.

தட்டைத் தனியாக வைத்தாள். தம்ளரைத் தனியாக வைத்தாள். துண்டு, தலையணை எல்லாம் தனி. தம்பியை அப்பா பக்கத்தில் படுக்கவிடவில்லை. நான் ஒரு நாள் சாயங்காலம் போனபோது அவர் திண்ணையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விசாரித்தேன்.

"எங்க தாத்தா காலத்துல டீக்கடையில எங்களுக்குத் தனி கிளாசு சார். இப்ப வூட்டுக்குள்ளயே வந்துட்டுது" என்று சிரித்தார். பிறகு, மகள் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று குரலைத் தாழ்த்தி, "படிச்ச புள்ள சொல்லுது. கேட்டுக்கணும் இல்ல?" என்றார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு நான் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. தோலைத் தொட்டு வேலை செய்த காரணத்துக்காக ஊர் அவர்களைத் தொடாமல் வைத்திருந்தது. அந்த வேலி விழுந்ததா, இல்லையா என்பதே இன்னும் விவாதமாக இருக்கையில், இரண்டு லத்தீன் அசைகளைக் கொண்டு அதை அவர் வீட்டுக்குள்ளேயே நான் எழுப்பிக் கொடுத்திருக்கிறேன்.

மறுவாரம் அவர் மருந்துக்குப் போனபோது மகளும் கூடப் போனாள். அங்கே கட்டுப் போடுகிற நர்ஸு அம்மாள், வயதானவர், அவளுடைய தனித்தட்டு வைத்தியத்தைக் கேட்டுவிட்டு ஒரே வாக்கியம் சொன்னாராம்: "தொட்டதால வந்தது கண்ணு, தொட்டா வராது."

அவள் வந்து அதை என்னிடம் சொன்னபோது நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன். அந்த அம்மாள் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவரோ இல்லையோ, எங்கள் முறையில் உள்ள பிழையை நாலு சொல்லில் காட்டிவிட்டார். வேர் ஒன்றுதான்: தொடு. 'தொட்டதால்' என்றால் நடந்துபோன ஒன்றைக் காரணமாகச் சொல்கிறது. 'தொட்டால்' என்றால் நடக்கப்போவதை நிபந்தனையாகச் சொல்கிறது. அந்த மனிதர் குரோம் உப்பைத் தொட்டதால் அவர் தோல் கோபித்துக்கொண்டது. அவரைத் தொட்டால் மற்றவர்களுக்கு ஒன்றும் வராது. 'காண்டாக்ட்' என்ற சொல்லில் தொடுதல் இருக்கிறது. யார் எதைத் தொட்டது என்பது இல்லை. அதை வேரில் தோண்டி எடுக்க முடியாது. அந்தச் சொல்லை வைத்தியர்கள் எந்த வாக்கியத்தில், எந்த நோயாளியைப் பார்த்து, எதற்காகச் சொல்கிறார்கள் என்று கேட்டால்தான் கிடைக்கும். அதற்குப் பெயர் வழக்கு.

குற்றம் லூயிஸுடையது அல்ல. வேரைக் காட்டிய கையோடு சொல்லின் வழக்கையும், நுட்பமான வேறுபாடுகளையும் அவர் சொல்லிக்கொண்டேதான் போகிறார். நிறையப் படிக்கவும் தூண்டுகிறார். அவர் முறையிலிருந்து வேரை மட்டும் பிய்த்து எடுத்துப் பட்டியலாக்கி, 'நூறு வேர், ஆயிரம் சொல்' என்று விற்கிற மலிவுப் புத்தகங்களிடம் குற்றம் இருக்கிறது. அந்தப் புத்தகங்களைப் போலவே ஒரு பட்டியல் எழுதிக்கொடுத்த என்னிடம் அதைவிட அதிகமாக இருக்கிறது. என்றாலும் ஒரு விமரிசனத்தை லூயிஸ் மேலும் வைக்கத்தான் வேண்டும். அவருடைய வாசகர் ஆங்கிலத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். வேர் தப்பாக வழிகாட்டினால், சிறு வயதிலிருந்து காதில் விழுந்த வழக்கு அவரைத் திருத்திவிடும். 'காண்டாக்ட் லென்ஸ்' என்று கேட்டுப் பழகியவர் 'காண்டாக்ட்' என்றதும் தொற்று வியாதி என்று பதற மாட்டார். நம் பிள்ளைகளுக்கு அந்தக் காது இல்லை. காது இல்லாதவர் கையில் சாவிக் கொத்தை மட்டும் கொடுத்தால் அடுத்த வீட்டுக் கதவைத் திறந்துவிடுவார்.

வழக்கு எப்படி வருகிறது என்பதற்கு நான் தூரப் போக வேண்டியிருக்கவில்லை. அந்தத் தகப்பனார் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் ஃபிளெஷிங், ஸ்பிளிட், க்ரஸ்ட், பஃபிங் என்று அவர் பேசும் ஆங்கிலச் சொற்களில் ஒன்றாவது இடம் தவறி விழுந்து நான் கேட்டதில்லை. 'வெட் புளூ' என்றால் என்ன என்று எந்த அகராதியைப் பிரித்தும் வேரிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. 'ஈரமான நீலம்' என்று வரும். குரோமில் ஊறி, இன்னும் உலராமல், நீலம் பாய்ந்து கிடக்கும் தோல் அது என்று அவருக்குக் கைக்குத் தெரியும். ஒரு நாள் மகள், "அப்பா, குரோம்னா கிரேக்கத்துல நிறம்னு அர்த்தம்" என்றாள். குரோமியத்தின் கலவைகள் பல நிறம் காட்டுவதால், 1797ல் அதைக் கண்டறிந்த பிரெஞ்சு ரசாயனி வோக்லனின் காலத்தில் வந்த பெயர் அது.

"எந்த நிறம்?" என்றார் தகப்பனார்.

"எந்த நிறம்னு இல்லப்பா. நிறம்."

"அது நீலம்மா. எனக்குத் தெரியாதா?"

இருவர் சொன்னதும் சரி. மகள் சொன்னது காரணம். தகப்பனார் சொன்னது வழக்கு. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டால்தான் ஒரு சொல் முழுதாகத் தெரிகிறது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். ஆங்கிலத்தில் உயர்படிப்புப் படிக்க வேண்டிய தமிழ்ப் பிள்ளைகள் வேர்ச்சொற்களைப் படிக்கட்டும். பயத்தைப் போக்க அதைவிட நல்ல மருந்து கிடையாது. லூயிஸின் புத்தகத்தை அதற்குத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். ஆனால் அதை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையில் ஆங்கிலக் கதையோ, கட்டுரையோ, தினசரிப் பத்திரிகையோ வைத்திருக்க வேண்டும். வேரை வைத்து ஊகித்த அர்த்தத்தை ஒரு வாக்கியத்திலாவது சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. அது ஒரு நோயாளியின் சீட்டாக இருந்தால், தெரிந்தவர் ஒருவரைத் தமிழில் கேட்காமல் வாயைத் திறக்கவே கூடாது.

அவள் படிப்பை விடவில்லை. போன வாரம் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். முன்பு அதில் இரண்டு பத்திகள் இருந்தன: வேர், சொல். இப்போது மூன்றாவதாக ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறாள். அதன் தலையில் 'எங்கே கேட்டேன்' என்று எழுதியிருக்கிறது. வார்டில் கேட்டது, வகுப்பில் கேட்டது, அப்பா சொன்னது என்று ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு வாக்கியம். 'காண்டாக்ட்' என்ற சொல்லுக்கு நேரே மட்டும் ஆங்கில வாக்கியம் இல்லை. அந்த நர்ஸு அம்மாள் சொன்ன நாலு சொல்லைத் தமிழிலேயே எழுதி, கீழே இரண்டு முறை கோடிட்டிருக்கிறாள்.